ஜன்னல் நாட்கள்

சகுந்தலா அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது தமயந்தி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டு, கல்லில் கிடந்த தோசையைத் திருப்பிப் போட்டாள். அது வெந்ததும் தட்டில் எடுத்து வைத்தாள். அடுப்பை அணைத்தாள். மிச்ச மாவை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரிடம் போனாள்.

"அக்கா தவறிட்டாங்களாம். லால்குடிக்குக் கிளம்பணும். நீங்க வண்டியை எடுங்க, அபியை நான் எழுப்பறேன்."

குணசேகரன் பேப்பரை மடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்தவள் தமயந்தி. அவளுக்குத் தலை பின்னிவிட்டது, பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, பரீட்சைக்கு எழுப்பி டீ போட்டுக் கொடுத்தது, கடைசியில் குணசேகரனையே தேடிப் பிடித்துக் கட்டிவைத்தது, எல்லாம் சகுந்தலாதான். அந்த முகத்தில் இப்போது ஒன்றும் இல்லை. பல் தேய்த்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தாள்.

லால்குடியில் பெண்கள் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளும் கைகளை அவர்கள் தோளில் போட்டுக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி நிற்க வேண்டும் என்று யோசித்தாள். பிறகு விலகி வந்து ஐஸ் பெட்டியின் வயர் தண்ணீரில் கிடந்ததை எடுத்து மேலே கட்டினாள். நாற்காலி போதவில்லை என்று ஆளை அனுப்பினாள். வந்தவர்களுக்கெல்லாம் காபி கிடைத்ததா என்று பார்த்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் அவளைப் போல உருப்படியாக வேலை பார்த்தவர் யாரும் இல்லை.

அக்காவின் மகள் மாலதிதான் பொறுக்கமுடியாமல் கேட்டாள். "சித்தி, அம்மா முகத்தைப் பாத்தா உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"தோணல மாலதி. அடுத்த மாசம் தோணும்" என்றாள் தமயந்தி.

கூடத்தில் ஒப்பாரி ஒரு கணம் நின்றுவிட்டது. யாரோ ஒரு அம்மாள், "மருந்து மருந்துன்னு இவளைக் கல்லாக்கி வச்சுட்டானுங்க" என்றாள். தமயந்திக்கு அது காதில் விழுந்தது. அதில் தப்பில்லை என்று பட்டது. காபி தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

*

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. பக்கத்து ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டிருந்ததால் அறுவை சிகிச்சை முடியாது என்றார்கள். கீமோ கொடுத்துப் பார்த்தார்கள். முடி போனது, எடை போனது, கட்டி போகவில்லை. அப்போதுதான் ஊருக்கு வெளியே தஞ்சாவூர் ரோட்டில் இருந்த ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பினார்கள். புது மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள், நோயாளிகள் தேவைப்பட்டார்கள்.

அங்கே டாக்டர் நஸ்ரீன் அவளை உட்காரவைத்துப் பேசினார். நாற்பது வயது இருக்கும். எதையும் சுற்றி வளைக்காத பேச்சு.

"கட்டி தானா வளர்றதில்ல, தமயந்தி. அதுக்குள்ள நரம்பு போகுது. நரம்பு பேசப் பேச அது வளருது. நீங்க பயப்படறீங்க, கவலைப்படறீங்க, தூக்கம் வராம புரளறீங்க. அத்தனையும் அந்த நரம்பு வழியா கட்டிக்குச் சாப்பாடு."

"அப்ப சந்தோஷமா இருந்தா சரியாயிடுமா டாக்டர்?"

"சந்தோஷமும் அதே வயர்லதான் வருது. கட்டிக்கு எல்லாம் ஒண்ணுதான். இந்த மருந்து அந்த வயர்ல போற பேச்சை நிறுத்திடும். கட்டி பட்டினி கிடக்கும்."

"எனக்கு என்ன ஆகும்?"

"பசிக்கும். சூடு சுட்டா தெரியும். படிக்கலாம், சமைக்கலாம், கணக்குப் போடலாம். எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனா எதுவும் உங்களைத் தொடாது."

தமயந்திக்கு அது அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை. தொடாமல் இருந்தால் போதும் என்றுதான் இருந்தது. வயிற்றுக்குள் சதா ஒரு கை பிசைந்துகொண்டிருந்தது அவளுக்கு. வலியைவிடப் பயம்தான் அதிகம்.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றார் நஸ்ரீன். "சோதனையில இருக்கறவங்க எப்ப வேணா விலகலாம். அது உங்க உரிமை. ஆனா இந்த மருந்துல இருக்கறவங்ககிட்ட 'தொடரலாமா'ன்னு கேட்டா சரிம்பாங்க. 'நிறுத்திடலாமா'ன்னு கேட்டாலும் சரிம்பாங்க. சாவுக்குப் பயமே இல்லாதவங்க சொல்ற சம்மதம் சம்மதமே இல்லன்னு நெறிமுறைக் குழு சொல்லிட்டாங்க. அதனால நாலு மாசத்துக்கு ஒரு தடவை மருந்தை நிறுத்துவோம். ஒரு வாரம், பத்து நாள். உணர்ச்சி திரும்பி வரும். வந்ததும் உங்களைத் தனியா உக்காரவச்சு கேப்போம். நாங்க அதை ஜன்னல்னு சொல்றோம்."

"இந்த மருந்து வேணாம்னா?"

நஸ்ரீன் மேசையைப் பார்த்தார். "அடுத்த தீபாவளிக்கு நீங்க இருப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாது."

தமயந்தி கேமரா முன்னால் உட்கார்ந்து, தன் வாயால் சம்மதம் என்று சொன்னாள். சொல்லும்போது குரல் நடுங்கியது. அந்த நடுக்கம்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

*

மருந்துக்கு ஏதோ நீளமான பெயர் இருந்தது. நோயாளிகள் அதை ஊமை மருந்து என்றார்கள்.

முதல் நாள் சாயங்காலமே வயிற்றைப் பிசைந்த அந்தக் கை விலகிவிட்டது. தமயந்தி நன்றாகத் தூங்கினாள். இரண்டு மாதத்தில் கட்டி பாதியாகச் சுருங்கியிருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. குணசேகரன் மையத்தின் வாசலிலேயே நின்று அழுதார். வீட்டுக்குப் போகும் வழியில் ஜாங்கிரி வாங்கினார். தமயந்தி ஒன்று சாப்பிட்டாள். இனிப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

மகள் அபிராமி அப்போது பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். முதல் சில வாரங்கள் அம்மாவைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். வகுப்பில் நடந்ததை நடித்துக் காட்டினாள். தமயந்தி முழுவதும் கவனித்துக் கேட்டாள், சந்தேகம் கேட்டாள். ஒருநாள் அபி நடிப்பை நிறுத்திவிட்டு, "இப்ப என்மேல பாசம் இருக்காம்மா உனக்கு?" என்று கேட்டாள்.

தமயந்தி உள்ளே தேடிப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியல அபி. முன்னாடி இருந்தது ஞாபகம் இருக்கு" என்றாள். ஒளிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அபி சரி என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நடித்துக் காட்டவில்லை.

வேலைக்கும் திரும்பிப் போனாள். தில்லை நகரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. கார்கள் தானே ஓடும் காலம் வந்திருந்தது. ஆனால் உறையூர்ச் சந்துகளில் மாடும் தண்ணி லாரியும் எதிரே வந்தால் அந்தக் கார்கள் அப்படியே நின்றுவிடும். ஆகவே ஓட்டக் கற்றுக்கொள்ள ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். தமயந்திக்கு நல்ல பெயர். அதட்டமாட்டாள், கத்தமாட்டாள். இப்போது அந்தப் பொறுமை இன்னும் கூடியிருந்தது.

ஒரு காலையில் ஃபர்சானா என்ற பெண் ஓட்டிக்கொண்டிருந்தாள். முன்னால் ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். ஃபர்சானாவின் கால் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதித்தது. தமயந்தி அதைப் பார்த்தாள். சைக்கிள் பெரிதாகிக்கொண்டே வந்ததைப் பார்த்தாள். பெரியவர் திரும்பிப் பார்த்து வாயைத் திறந்ததையும் பார்த்தாள். தன் பக்கமும் ஒரு பிரேக் இருக்கிறது, அதை மிதிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தது மட்டும்தான். இருபது வருஷமாக நினைப்பதற்கு முன்னாலேயே பாய்ந்த கால், யாராவது சொல்லட்டும் என்பதுபோலச் சும்மா இருந்தது.

ஃபர்சானாதான் அலறிக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்தாள். கார் ஒரு ஜெராக்ஸ் கடையின் போர்டில் மோதி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஃபர்சானா ஸ்டியரிங்கை விடாமல், "மேடம், நீங்க ஏன் மிதிக்கல?" என்று அழுதாள். தமயந்தி யோசித்துப் பார்த்து, "பயம் வரலம்மா" என்றாள்.

மத்தியானமே முதலாளியிடம் போய் வேலையை விட்டாள். பயம் இல்லாதவள் அந்த இருக்கையில் உட்காரக்கூடாது என்பது எளிய கணக்கு. வருத்தம் இருந்தால் வீட்டுக்கு நடந்து வரும்போது வந்திருக்கும். வரவில்லை.

*

முதல் ஜன்னல் நன்றாகவே போனது. எல்லாரும் முக்கொம்புக்குப் போய் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், தமயந்தி காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது ஜன்னலில் பயம் வந்தது. விடாமல் வந்தது. இடையில் நடந்த கார் விபத்தும் வந்தது. அந்தப் பெரியவரின் திறந்த வாயை நினைத்து நினைத்துச் சாப்பாடு இறங்காமல் கிடந்தாள். அப்படியும் கேமரா முன்னால் சம்மதம் சொன்னாள்.

இது மூன்றாவது. அக்கா போய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

"வரிசையா வராது" என்று நஸ்ரீன் முன்பே சொல்லியிருந்தார். முதலில் பக்கத்து வீட்டு மிக்சி சத்தம் எரிச்சல் தந்தது. மறுநாள் காலை தெருவில் தள்ளுவண்டிக்காரரிடம் பாகற்காய் வாங்கினாள். "கால் கிலோ போதுமாக்கா?" என்றார் அவர். தமயந்தி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அக்கா என்ற சொல் போய் எங்கேயோ இடித்தது. வண்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வண்டிக்காரர் பயந்துபோய் குணசேகரனைக் கூப்பிட ஓடினார்.

அன்றைக்கே பஸ் ஏறி லால்குடிக்குப் போனாள். யாரையும் கூட வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அக்கா வீட்டு வாசலிலேயே அழ ஆரம்பித்தவள், உள்ளே போய் அந்தக் கூடத்தின் தரையில் விழுந்து புரண்டாள். அக்கா முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லையே என்று கதறினாள். காபி தம்ளர் பொறுக்கிக்கொண்டிருந்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. மாலதியின் கணவர் அவசரமாக அதை அணைத்துவிட்டு வெளியே போய் நின்றார். அவர் வேலைக்குத் திரும்பிப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. அக்காவின் கட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் துணி தேய்க்கும் மேசை இருந்தது.

மாலதி தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் இல்லை அவளுக்கு. சித்தியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள்: "நாங்கல்லாம் அழுது முடிச்சிட்டோம் சித்தி."

தமயந்திக்கு அது புரிந்தது. அவள் துக்கம் தனியாக வந்திருந்தது. கூட அழ ஆளில்லாத துக்கம். கடைசிப் பந்தியும் முடிந்து இலை எடுத்த பிறகு வந்தவள் போல எழுந்து, முகம் கழுவிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பினாள்.

*

வீட்டில் அபி இல்லை. தோழி வீட்டில் தங்கிப் படிக்கப் போவதாகச் சொல்லி பையை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். போன ஜன்னலிலும் இதே போலத்தான் போனாள் என்பது தமயந்திக்கு அப்போதுதான் உறைத்தது. மருந்தில் இருக்கும்போது இதெல்லாம் தெரியும், உறைக்காது. நேராக அந்தத் தோழி வீட்டுக்குப் போய் மகளை மாடிப்படிக்கு அழைத்து வந்தாள்.

"நான் எப்ப மனுஷியா இருக்கேனோ அப்பத்தான் நீ வீட்டை விட்டு ஓடறே. ஏன்டி?"

அபி செருப்பைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். "ஜன்னல்ல நீ என்னைப் பாக்கற பார்வை இருக்கே, கடைசித் தடவை பாக்கற மாதிரி பாப்பே. அப்பத்தான் நீ செத்துப்போயிடுவேன்னு எனக்குத் தெரியுதும்மா. மத்த நேரம் நீ எங்கயும் போகமாட்டேங்கற மாதிரி இருக்கே. என்மேல ஒண்ணும் இருக்காது உனக்கு. ஆனா இருப்பே."

"எது பரவாயில்ல உனக்கு?"

"ரெண்டும் வேணும்" என்றாள் அபி. பிறகு அவசரமாக, "என்னைய முடிவு பண்ணச் சொல்லாதம்மா" என்றாள்.

தமயந்தி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிள்ளையின் தலையில் வியர்வையும் எண்ணெயும் கலந்த வாசனை. நாலு மாதமாகத் தினமும் இந்தத் தலையைத்தான் பின்னிவிட்டோம், இந்த வாசனை எங்கே போயிருந்தது என்று நினைத்துக்கொண்டாள்.

*

அந்த வாரமே நஸ்ரீன் ஸ்கேனைக் காட்டினார்.

"ஒவ்வொரு ஜன்னல்லயும் கட்டி முழிச்சுக்குது. மருந்து திரும்ப ஆரம்பிச்சதும் சுருங்குது, ஆனா பழைய அளவுக்குப் போகல. இந்தத் தடவை நீங்க ரொம்ப அழுதிருக்கீங்க. ஸ்கேன்லயே தெரியுது."

"இப்படியே போனா?"

"இன்னும் மூணு நாலு ஜன்னல் தாங்கலாம். அதுக்கு மேல எனக்கு நம்பிக்கை இல்ல." நஸ்ரீன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "குழு இப்ப புதுசா ஒண்ணு அனுமதிச்சிருக்காங்க. ஜன்னலே இல்லாம. ஒரே ஒரு சம்மதம், அதுக்கப்புறம் மருந்து நிக்காது. அந்தப் பிரிவுல சேர்ந்தவங்க யாருக்கும் இதுவரைக்கும் கட்டி வளரல. வேற வியாதி வந்தாத்தான் உண்டு, நீங்க பாட்டுக்கு எழுபது, எண்பது வயசு வரைக்கும் இருக்கலாம்."

"அதுக்கப்புறம் என்னை யாரு கேப்பாங்க டாக்டர்?"

"உங்க வீட்டுக்காரர் எப்ப வேணா நிறுத்தச் சொல்லலாம். பதினெட்டு முடிஞ்சதும் உங்க பொண்ணும் சொல்லலாம்."

"நான்?"

"நீங்களும் சொல்லலாம்" என்றார் நஸ்ரீன். "சொல்லமாட்டீங்க."

தமயந்தி சிரித்துவிட்டாள். நஸ்ரீனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பயம் இல்லாதப்ப நான் சொன்னா அது செல்லாதுன்னீங்க. இப்ப உடம்பெல்லாம் பயமா இருக்கு. இந்தப் பயத்துல நான் சரின்னு சொன்னா மட்டும் அது செல்லுமா டாக்டர்?"

நஸ்ரீன் கண்ணாடியை எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார். "குழுவுல நானும் இதைக் கேட்டேன்" என்றார். "எழுதிக்கிட்டாங்க, அவ்வளவுதான்."

திரும்பி வரும்போது குணசேகரன்தான் காரை ஓட்டினார். பாதி வழியில் ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்தினார். தனியார் கல்லூரி ஒன்றில் ஆய்வக உதவியாளர் அவர். பேச்சு குறைந்த மனிதர்.

"ஜன்னல் வேணாம் தமயந்தி."

"எனக்காகச் சொல்றீங்களா, உங்களுக்காகவா?"

அவர் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ கேக்கறதால சொல்றேன். முதல்ல ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. பக்கத்துல வேற யாரோ படுத்திருக்கற மாதிரி. அப்புறம் பழகிடுச்சு. நான் லேட்டா வந்தா நீ கேக்கறதில்ல. எங்கம்மாவைப் பத்திக் குத்திப் பேசறதில்ல. வீடு அமைதியா இருக்கு. இப்ப ஜன்னல் வருதுன்னாலே எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது. நீ இப்படிக் கத்தி அழறதைப் பாத்துட்டு, அடுத்த வாரம் அதெல்லாம் இல்லாதவளா நீ வந்து காபி குடுக்கறதைப் பாக்கறது..." அவர் நிறுத்தினார். "என்னால ஒவ்வொரு தடவையும் உன்னைத் தூக்கிக் குடுக்க முடியல. ஒரேயடியா குடுத்துட்டா உடம்பாவது வீட்ல இருக்கும்."

இவ்வளவு நீளமாக அவர் பேசிக் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. தமயந்திக்குக் கோபம் வந்தது. கூடவே, இந்த மனிதர் தன்னோடு சேர்ந்து எவ்வளவு களைத்துப்போயிருக்கிறார் என்பதும் தெரிந்தது. அவர் கை கியர் மேல் இருந்தது. அதன்மேல் தன் கையை வைத்தாள். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்ததும் குணசேகரன் வண்டியை எடுத்தார்.

*

கேமரா அறையில் அவள் தனியாக உட்கார்ந்தாள். திரையிலிருந்து ஒரு குரல் பெயரையும் ஊரையும் கேட்டது. பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டது.

தமயந்தி சாவை நினைத்துப் பார்த்தாள். வயிற்றில் அந்தக் கை பிசைந்தது. பிறகு மற்றதை நினைத்துப் பார்த்தாள். முப்பது வருஷம் எதுவும் தொடாமல் தோசை வார்ப்பதை. அதற்கும் அந்தக் கை பிசைந்தது, ஆனால் கொஞ்சம் குறைவாக. அபி பரீட்சை எழுத வேண்டும், கல்லூரி போக வேண்டும், ஒரு காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஆள் வேண்டும். கஞ்சி வைக்கப் பாசம் தேவையில்லை. தண்ணீரும் அரிசியும் உப்பும் போதும்.

"சம்மதம்" என்றாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது.

வெளியே வந்து நஸ்ரீனிடம், "நாளைக்கு ஒரு நாள் குடுங்க" என்றாள். கட்டி வளரும் என்றார் நஸ்ரீன். ஒரு நாளைக்கு வளர்வது வளரட்டும் என்றாள் தமயந்தி.

மறுநாள் கணவரையும் மகளையும் வீட்டிலேயே இருக்கச் சொன்னாள். அபி தோழி வீட்டுக்குப் போகவில்லை. காலைச் சாப்பாடு முடிந்ததும் தமயந்தி மகளை எதிரில் உட்காரவைத்தாள்.

"உன் கல்யாணத்துல நான் அழமாட்டேன். மண்டபமே என்னைத்தான் பாக்கும். அதனால இப்பவே அழுதுடறேன்."

"மாப்பிள்ளை யாரும்மா?" என்றாள் அபி.

"எவனா இருந்தா என்ன? உன்னைக் கூட்டிட்டுப் போறான்ல."

இருவரும் முதலில் சிரித்தார்கள். அப்புறம் தமயந்தி நிஜமாகவே அழுதாள். மகளின் கையைப் பிடித்து யாரோ முகம் தெரியாதவன் கையில் வைப்பதை நினைத்து அழுதாள். அபிக்குக் குழந்தை பிறந்தால் அதற்கும் சேர்த்துக் கொஞ்சினாள். அது பையனா பெண்ணா என்று தெரியாததால் இரண்டு விதமாகவும் கொஞ்சினாள். அபி பரீட்சையில் தோற்றால் திட்ட வேண்டிய திட்டையும், வேலை கிடைத்தால் சொல்ல வேண்டிய பெருமையையும் சொன்னாள். அபி எதையும் தடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் சரிம்மா, சரிம்மா என்றாள்.

பிறகு குணசேகரன் பக்கம் திரும்பினாள். "ரிட்டயர் ஆனதும் எல்லா வேலையிலயும் மூக்கை நுழைப்பீங்க. குழம்புல புளி அதிகம்பீங்க. காது கேக்காது, மிஷின் மாட்ட மாட்டீங்க. அதுக்கெல்லாம் சேத்து இப்பவே சண்டை போட்டுடறேன்." நிறையப் போட்டாள். தன் மாமியாரைப் பற்றிய பழைய கணக்கைக்கூட விடவில்லை. குணசேகரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

திடீரென்று அவள் குரல் இறங்கியது. "எனக்கு முன்னாடி நீங்க போயிட்டீங்கன்னா..."

"தமயந்தி."

"சும்மா உக்காந்திருப்பேன் நான். வந்தவங்களுக்குக் காபி குடுப்பேன். அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் செஞ்சிருக்கேன்." அவர் மடியில் தலையை வைத்து, உயிரோடு இருக்கிற அந்த மனிதருக்காக அழ ஆரம்பித்தாள்.

குணசேகரனால் அதை மட்டும் தாங்க முடியவில்லை. "நான் இன்னும் சாகலடி" என்று கத்தினார். அவள் தலையை மடியிலிருந்து விலக்கிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனார். குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். தண்ணீர் வாளி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

*

மையத்தில் அவளுக்கு ஜன்னலோரமாகக் கட்டில் கொடுத்தார்கள். நர்ஸ் ஊசியைக் குத்தி டியூபைப் பொருத்தினாள். மருந்து சொட்ட ஆரம்பித்தது. குணசேகரன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மாத்திரை வாங்கிவருகிறேன் என்று வெளியே போய்விட்டார். மாத்திரை எதுவும் எழுதித் தரவில்லை என்று தமயந்திக்குத் தெரியும்.

அபி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கியாம்மா?"

"இருக்கேன்டி" என்றாள் தமயந்தி. கண் நிறைந்திருந்தது. பிள்ளையின் விரல்கள் ஜில்லென்று இருந்தன. அவற்றைத் தேய்த்துவிட்டாள்.

வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சை வாசனை உள்ளே வந்தது. அதை இழுத்து இழுத்து முகர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் வயிற்றின் பிசைவு தளர்ந்தது. அதுதான் எப்போதும் முதலில் போகும்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

இப்போது அக்காவை நினைத்துப் பார்த்தாள். வலித்தது, ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் வலிப்பது போல. பஸ் ஜன்னலில் ஒரு ஊர் பின்னால் போவது மாதிரி ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. எதையாவது பிடித்து நிறுத்தலாமா என்று பார்த்தாள். பிடிக்க வேண்டும் என்கிற தவிப்பும் கூடவே போய்க்கொண்டிருந்தது. அபி என்னவோ பேசினாள். பிளஸ் டூ ஹால் டிக்கெட் வந்துவிட்டது, சென்டர் பக்கத்தில்தான் என்றாள். தமயந்தி கேட்டுக்கொண்டாள்.

புல் வெட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. வாசனை இருந்தது. அது வெட்டிய புல்லின் வாசனை, அவ்வளவுதான்.

அபி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலை ஒட்டி நெருங்கி வந்து கேட்டாள்.

"அம்மா. இருக்கியா?"

தமயந்தி உள்ளே தேடிப் பார்த்தாள். கூட்டிப் பெருக்கிய அறை மாதிரி இருந்தது. ஒன்றும் இல்லை. எதிரில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவள் உதடு நடுங்கியது, அவள் கை தன் கையை இறுக்கிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு என்ன பதில் என்று தமயந்திக்குத் தெரிந்தது. அதைச் சொன்னால் இந்தப் பெண் என்ன ஆவாள் என்பதும் தெரிந்தது. எதுவும் அவளைத் தள்ளவில்லை, எதுவும் தடுக்கவுமில்லை.

"இருக்கேன்டி" என்றாள்.

கையைப் பிடித்திருந்த விரல்கள் மெல்லத் தளர்ந்தன. அபி குனிந்து கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டாள். தமயந்தி மற்றொரு கையை, டியூப் இழுபடாமல் பார்த்து எடுத்து, அவள் தலைமேல் வைத்தாள். எவ்வளவு அழுத்தி வைக்க வேண்டும் என்று யோசித்து, கொஞ்சம் அழுத்தினாள்.

"போய்ச் சாப்பிட்டுட்டு வா" என்றாள். "கேன்டீன் மூடிடுவான்."